பன்றி ஏறாத பேழை

நியூ ஆர்னெம், ஐயோவா
2017 பிப்ரவரி 9

அன்புள்ள மரீனஸ் அண்ணனுக்கு,

தங்கச்சி ட்ரீனா எழுதுறது. நானும் லாமெர்ட்டும் சுகம். பனி தபால் பெட்டி உயரத்துக்கு ஏறிக் கிடக்கு. எங்க வீட்டுக்காரர் தினமும் அதைத் தள்ளுறார், அது தினமும் திரும்பி வருது. போன்ல பேசலாம்னா உங்க காது மிஷின் விசில் அடிக்குது, நான் சொல்றதுல பாதி உங்களுக்கு வந்து சேர்றதில்ல. அதான் எழுதுறேன். உக்காந்துக்கிட்டுப் படிங்க.

நான் ஒரு புஸ்தகம் எழுதியிருக்கேன்.

நீங்க சிரிக்க மாட்டீங்க, அது எனக்குத் தெரியும். பெருமூச்சு விடுவீங்க. விட்டாச்சா? சரி, மேல படிங்க.

ஸ்கூல் சமையல்கட்டுல இருந்து ரிட்டயர் ஆனப்புறம் கை சும்மா இருக்க மாட்டேங்குது. ஒரு நாள் ஸ்வெட்டர் பின்ன உக்காந்தேன், கதை வந்துடுச்சு. சின்னப் பிள்ளைங்களுக்கான வேதக் கதை. நோவா பேழை கட்டுறார். எல்லா மிருகமும் ஜோடி ஜோடியா ஏறுது. பிங்கின்னு ஒரு பன்னிக்குட்டி மட்டும், 'நம்மளைத்தான் அசுத்தம்னு சொல்றாங்களே, நாம எதுக்கு'ன்னு மரத்தூள் குவியலுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குது. மழை தொடங்கிடுது. நோவா கதவைச் சாத்தாம, நனைஞ்சுக்கிட்டே அதைத் தேடிப் போறார். அவ்வளவுதான் கதை. படமும் நானே போட்டேன். யானை கொஞ்சம் சோபா மாதிரி வந்திருக்கு, மத்ததெல்லாம் பரவாயில்ல.

உங்க ஊர்ப் பக்கமுள்ள கிறிஸ்தவப் பதிப்பகங்களுக்கெல்லாம் அனுப்பினேன். எல்லாம் மரியாதையாத் திரும்பி வந்துச்சு. ஒருத்தர், 'எங்களிடம் ஏற்கெனவே போதுமான பேழைகள் இருக்கின்றன'ன்னு எழுதியிருந்தார். ஆகவே நானே போட்டுக்கப் போறேன். இப்ப அப்படி வசதி வந்திருக்கு. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா எத்தனை கேக்குறோமோ அத்தனை அச்சடிச்சுக் கொடுக்குறாங்க. எழுதுறவ, படம் போடுறவ, பதிப்பிக்கிறவ, விக்கிறவ எல்லாம் நானே. லாமெர்ட் பார்சல் கட்டுவார்.

அச்சுக்காரங்க ஒரு மாதிரிப் பிரதியை நேரா உங்க விலாசத்துக்கே அனுப்புவாங்க. ஆயுசு பூரா பிரசங்கம் பண்ணினவர் நீங்க. உபதேசத்துல தப்பு இருந்தாச் சொல்லுங்க. உபதேசத்துல மட்டும்.

பாசத்துடன்,
ட்ரீனா


கிராண்ட் ராப்பிட்ஸ், மிச்சிகன்
2017 பிப்ரவரி 27

கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதரி ஹென்ட்ரினாவுக்கு,

சமாதானம் உண்டாவதாக. உன் கடிதமும் மாதிரிப் பிரதியும் வந்து சேர்ந்தன. பெருமூச்சு விட்டேன்.

உபதேசத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். வேதாகமம் முழுவதிலும் வாய் திறந்து பேசிய மிருகங்கள் இரண்டே இரண்டு. ஒன்று சர்ப்பம். அது பேசியதன் விளைவை நாம் இன்றுவரை அனுபவிக்கிறோம். மற்றொன்று பிலேயாமின் கழுதை. அது அடி வாங்கிய பிறகுதான் பேசிற்று, அதுவும் சுருக்கமாக. உன் புத்தகத்திலோ பேசாத பிராணி ஒன்றுகூட இல்லை. ஒட்டகச்சிவிங்கி நோவாவின் மனைவியிடம் சமையல் குறிப்பு கேட்கிறது. இதற்கு வசன ஆதாரம் எங்கே?

நோவா அந்தப் பன்றிக்குட்டியைப் பார்த்து 'வாடா என் செல்லம்' என்கிறார். தொள்ளாயிரத்து ஐம்பது வருஷம் ஜீவித்த நீதிமான் அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

பன்றியும் பேழையில் ஏறியது, மறுக்கவில்லை. ஆனால் அதற்காக யாரும் மழையில் நனைந்து தேடிப்போனதாக எழுதப்படவில்லை. கதவை அடைத்தவரும் நோவா அல்ல, கர்த்தர். ஆதியாகமம் ஏழாம் அதிகாரத்தை இன்னொருமுறை வாசி.

யானையைச் சோபா என்றுதான் நானும் நினைத்தேன். யார் அதன்மேல் உட்காரப்போகிறார்கள் என்று இரண்டு பக்கம் காத்திருந்தேன்.

நான் சுகம். இந்த முதியோர் குடியிருப்பில் சூப்பில் உப்பே போடுவதில்லை. அடுத்த அறை வினிஃப்ரெட் அம்மாள் டி.வி.யில் பரிசுப் போட்டி பார்த்து, பதில் தெரியாதவர்களைச் சுவர் அதிரத் திட்டுகிறார். ஞாயிறு மாலை ஜெபக் கூட்டத்தில் பேசச் சொல்லி நிர்வாகத்தார் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். போன வசந்தத்துக்குப் பிறகு எனக்குப் பேச்சு வருவதில்லை.

உன் அண்ணி ஜெரால்டின் இருந்திருந்தால் உனக்கு இதமாகப் பதில் எழுதியிருப்பாள். அவள் இல்லாததால் நான் எழுத வேண்டியதாயிற்று.

கர்த்தருடைய ஊழியத்தில்,
மரீனஸ் வீரிங்கா


நியூ ஆர்னெம்
2017 ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

கதவை யார் சாத்தினதுங்கறதைத் திருத்திட்டேன். ஒட்டகச்சிவிங்கியைத் திருத்த மாட்டேன். அண்ணி இருந்திருந்தா அதுக்குத்தான் முதல்ல சிரிச்சிருப்பாங்க.

இப்ப ஒரு பெரிய சிக்கல். ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஞாயிறு பள்ளியில பிங்கி கதையைப் பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டினேன். பிங்கி மரத்தூளுக்குப் பின்னால தனியா உக்காந்திருக்கிற இடம் வந்ததும் ஒரே அழுகை. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம் தாங்கல. எழுத்தாளருக்கு வேற என்ன வேணும்?

அடுத்த ஞாயிறு ஈஸ்டர் விருந்து. வழக்கம்போல பெரிய பெரிய ஹாம். சபை மூப்பர் ஹார்லன் ப்ளீக்கரோட பன்னிப் பண்ணையிலிருந்து வந்தது. அவர் பேத்தி ப்ரின்லி தட்டைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கா.

"என்னம்மா, சாப்பிடு"ன்னார் ஹார்லன்.

"தாத்தா, இது பிங்கியா?"

"யாரு பிங்கி? இது பன்னிக்கறிம்மா."

"அப்ப பிங்கியோட அண்ணனா?"

அவ்வளவுதான். மேஜை பூரா முள்கரண்டி கீழே இறங்கிடுச்சு. ஒரு பிள்ளை தட்டுல இருந்த துண்டை நாப்கின்ல சுத்தி அடக்கம் பண்ணணும்னு வெளியே எடுத்துட்டுப் போயிட்டான். லாமெர்ட் மட்டும்தான் எல்லார் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார். அன்னைக்கு அவர் எனக்குச் செஞ்சது உதவியா துரோகமான்னு இன்னும் தெரியல.

ஹார்லன் என்னைப் பாத்திரம் கழுவுற இடத்துக்கே தேடி வந்துட்டார். "ட்ரீனா, இந்த ஊரே பன்னி போட்ட சோறு. இந்தக் கோயில் கூரை பன்னி போட்ட கூரை. கர்த்தர் அதைப் பேழையில ஏத்திக்கிட்டார்னா அது அவருக்கும் அதுக்கும் உள்ள விஷயம். நீ எதுக்குப் பிள்ளைங்க கிட்டப் போய்ச் சொல்றே?"ன்னார்.

நான், "வேதத்துல இருக்கிறதைத்தானே சொன்னேன்"ன்னேன்.

"வேதத்துல செல்லம்னு இருக்கா?"ன்னார். நீங்களும் அவரும் பேசி வெச்சுக்கிட்டீங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ஜூலையில விடுமுறை வேதாகமப் பள்ளி. அதுல என் புஸ்தகத்தை வாசிச்சு, பிள்ளைங்களுக்கு ஆளுக்கொண்ணு கொடுக்கணும்னு ஆசையா இருந்தேன். இப்ப மூப்பர் கூட்டம் அது வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணப்போகுது. இந்தச் சபையில பிறந்து போதகரானவர் நீங்க ஒருத்தர்தான், அதனால உங்க கிட்டக் கேட்டுத்தான் சொல்வாங்களாம். போன் வரும். அண்ணே, ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்.

ட்ரீனா


கிராண்ட் ராப்பிட்ஸ்
2017 மே 2

பிரியமான சகோதரிக்கு,

மூப்பர் ஹார்லன் தொலைபேசியில் அழைத்தார். என் காதுக்கருவி கீச்சிட்டதை நான் ஜெபத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அவரும் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு பேசினோம்.

கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னேன். புத்தகத்தில் கெட்டது எதுவும் இல்லை. ஆனால் சபையின் பெயரால் பிள்ளைகளுக்குப் போதிக்கத் தக்கதும் அல்ல என்றேன். பாவமும் இல்லை, மனந்திரும்புதலும் இல்லை. ஒரு பிராணி மனவருத்தப்படுகிறது, ஒருவர் போய்த் தேற்றுகிறார். அது நல்ல காரியம்தான். அதைச் சுவிசேஷம் என்று சொல்ல முடியாது. நீ என் தங்கை என்பதற்காக வேறுவிதமாகச் சொல்ல என் மனச்சாட்சி இடம் தரவில்லை.

மேலும், பன்றி வளர்த்துப் பிழைக்கும் ஊரில் பன்றியைக் கதாநாயகனாக வைத்தது விவேகமா? யாருக்கும் வேண்டாத மிருகம்தான் உனக்கு வேண்டுமென்றால் ஸ்கங்க்கை எடுத்துக்கொள்வதுதானே? வாலைத் தூக்கி நாற்றத்தைப் பீச்சினால் தெருவையே காலிசெய்யும் அந்தப் பிராணியைக் கதவடைத்த படகுக்குள் யார் சேர்த்துக்கொள்வார்கள்? அதை வளர்ப்பாரும் இல்லை, தின்பாரும் இல்லை. ஹார்லனுக்கும் ஆட்சேபம் இராது.

இதை வருத்தமாக எடுத்துக்கொள்ளாதே.

மரீனஸ்


நியூ ஆர்னெம்
2017 மே 9

மகா கனம் பொருந்திய போதகர் மரீனஸ் வீரிங்கா ஐயா அவர்கள் சமுகத்துக்கு,

தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றேன். தாங்கள் கேலியாக எழுதியது எனக்குப் புரியாமல் இல்லை. ஆயினும் ஸ்கங்க் நல்ல யோசனை. எடுத்துக்கொண்டேன். பன்றியைவிட அதற்குத்தான் ஒளிந்துகொள்ளக் காரணம் அதிகம். மூப்பர் கூட்டத்தில் பன்றிக்காரர்கள் அத்தனை பேரும் ஸ்கங்க்குக்குக் கை தூக்கிவிட்டார்கள். தாங்கள் சொன்ன சுவிசேஷக் குறையைப் பற்றி ஒருவரும் வாயெடுக்கவில்லை. அவர்களுக்குப் பன்றி இறங்கினால் போதுமாயிருந்தது.

ஆகவே வேதாகமப் பள்ளியில் என் புத்தகம் வாசிக்கப்படும். தங்கள் தயவு இல்லாமலே.

ஊரெல்லாம் வேண்டாம்னு சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணுமில்ல. பதிப்பகக்காரங்க சொன்னாங்க, துடைச்சுப் போட்டுட்டேன். நீங்க சொன்னதுதான் தொண்டையில நிக்குது. போன வருஷம் அண்ணி அடக்கத்துக்கு வந்துட்டுத் திரும்பி வந்த வாரம்தான் இந்தக் கதை எனக்கு வந்துச்சு. கூட்டத்துல எல்லாரும் உங்க கையைப் பிடிச்சுப் பேசிக்கிட்டிருந்தாங்க. நீங்க மட்டும் எங்கேயோ பின்னால போய் உக்காந்துக்கிட்ட மாதிரி ஒரு முகம். யாராச்சும் போய்த் தேடணும்னு எனக்குத் தோணுச்சு. அதுக்கு வசன ஆதாரம் எங்கேன்னு கேக்காதீங்க.

இனி நான் எழுதுவதாக இல்லை.

இப்படிக்கு,
திருமதி ஹென்ட்ரினா ஹோக்ஸ்ட்ரா

பி.கு. ரத்த அழுத்த மாத்திரையை மாத்திட்டாங்களான்னு லாமெர்ட் கேக்கச் சொன்னார். நான் கேக்கல, அவர்தான் கேக்குறார்.


கிராண்ட் ராப்பிட்ஸ்
2017 ஜூன் 12

ஹென்ட்ரினாவுக்கு,

மாத்திரை பழையதுதான் என்று லாமெர்ட்டிடம் சொல்.

இன்று ஒரு பெரிய பெட்டி என் அறை வாசலில் வந்து இறங்கியிருக்கிறது. மேலே உன் அச்சுக்காரர்களின் முத்திரை. உள்ளே வேதாகமப் பள்ளிக்கான உன் புத்தகங்கள் என்று நினைக்கிறேன். முன்பு மாதிரிப் பிரதி அனுப்பியபோது கொடுத்த என் விலாசத்தைக் கம்ப்யூட்டர் மறக்காமல் வைத்திருக்கிறது போலும். என்னைவிட அதற்கு ஞாபகசக்தி அதிகம்.

வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. தாண்டித்தான் போய் வருகிறேன். என்ன செய்ய வேண்டும் என்று தெரிவி. நான் திறக்கவில்லை.

உன் மே மாதக் கடிதத்துக்குப் பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். எழுதிய எதுவும் சரியாக இல்லை.

மரீனஸ்


நியூ ஆர்னெம்
2017 ஜூன் 16

(தபால் அட்டை)

லாமெர்ட்டோட அக்கா மகன் மாசக் கடைசியில லாரியில அந்தப் பக்கம் வர்றான். அவன் கிட்டக் கொடுத்துவிடுங்க. அதுவரைக்கும் தாண்டுங்க. திறக்க வேணாம்.

ட்ரீ. ஹோ.


கிராண்ட் ராப்பிட்ஸ்
2017 ஜூன் 24

என் அன்புத் தங்கைக்கு,

பெட்டி திறக்கப்பட்டுவிட்டது. நான் திறக்கவில்லை. வினிஃப்ரெட் அம்மாள் திறந்தார். "வாசல்ல ஒரு பெட்டி இத்தனை நாளா மூடியே கிடந்தா அது மனுஷ இயல்புக்கு விரோதம்" என்று சொல்லி, வெண்ணெய்க் கத்தியால் கீறிவிட்டார். ஒரு பிரதியை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்றை என் மடியில் போட்டார்.

படித்தேன். பிங்கி என்ற பெயரை மாற்றாமல் விட்டிருக்கிறாய். கறுப்பும் வெள்ளையுமான பிராணிக்கு ஏன் அந்தப் பெயர் என்று யோசித்தபடியே போனேன். ஒரு படத்தில் அதற்குச் சுருட்டை வால் இருக்கிறது. சுருட்டை வாலுள்ள ஸ்கங்க்கைக் கர்த்தர் சிருஷ்டிக்கவில்லை. சரி, இது மாற்றும் அவசரத்தில் விடுபட்டது என்று பொறுத்துக்கொண்டேன்.

பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். ட்ரீனா, பன்றி என்ற சொல் வருகிற இடத்திலெல்லாம் ஸ்கங்க் என்று போடும்படி கம்ப்யூட்டரிடம் சொன்னாயா? அது கீழ்ப்படிதலுள்ள இயந்திரம். நீ அச்சிட்டிருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

"இந்நூலாசிரியை ஐயோவாவில் ஒரு ஸ்கங்க் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். தேவபக்தியுள்ள அவருடைய தகப்பனார் ஆயுள் முழுவதும் ஸ்கங்க் வளர்த்து, அந்த வருமானத்திலேயே தம் மகனை வேதசாஸ்திரம் படிக்க வைத்தார். வருஷந்தோறும் ஸ்கங்க் வறுவல் விருந்து நடத்தி ஞாயிறு பள்ளியைத் தாங்கும் சபையாருக்கு நன்றி. தரமான ஸ்கங்க் இறைச்சியால் இந்த வட்டாரத்துக்கே பெயர் வாங்கித் தந்த மூப்பர் ஹார்லன் ப்ளீக்கர் குடும்பத்துக்கு விசேஷ நன்றி."

'வேதசாஸ்திரம்' என்ற இடத்தில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. மூச்சு நின்றது. கண்ணில் நீர். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் என்னிடமிருந்துதான். சுவருக்கு அந்தப் பக்கம் வினிஃப்ரெட் அம்மாள் எனக்கு மாரடைப்பு என்று முடிவுசெய்து அவசர மணிக் கயிற்றை இழுத்துவிட்டார். நர்ஸ் ஓடி வந்தாள்.

"போதகரே, எங்க வலிக்குது? சொல்லுங்க!"

"அப்பா ஸ்கங்க் வளர்த்து என்னைப் படிக்க வெச்சார்" என்றேன்.

அவள் உடனே டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் நாடி பிடித்தார், கண்ணுக்குள் விளக்கு அடித்தார், இன்று என்ன கிழமை என்றார். பதில் சொல்ல வாயெடுத்தால் மறுபடியும் சிரிப்பு. கடைசியில் அவரிடமே பக்கத்தைக் காட்டினேன். அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கத் தாமதமாகப் போனார்.

என் சிரிப்பே இந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாத சத்தமாம். இத்தனை மாதத்தில் கேட்டதில்லை என்கிறார்கள்.

அந்த நன்றிப் பக்கத்தின் கடைசி வரியையும் படித்தேன். "கதாநாயகனை எனக்குக் கொடுத்த என் அண்ணனுக்கு." அதில் பிழை எதுவும் இல்லை. அத்தனை கோபத்திலும் அதை எழுதியிருக்கிறாய். நான் ஹார்லனிடம் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன்.

மரீனஸ்


நியூ ஆர்னெம்
2017 ஜூன் 29

அண்ணே, ஐயோ அண்ணே,

கொளுத்திடுங்க. எல்லாத்தையும் கொளுத்திடுங்க. ஹார்லன் பேர் வேற இருக்கே! அவர் கோபம் தணியட்டும்னுதான் அந்த வரியையே சேர்த்தேன். தரமான ஸ்கங்க் இறைச்சி! மனுஷன் கோர்ட்டுக்குப் போவார். லாமெர்ட் கிட்டப் படிச்சுக் காட்டினேன். அவர் டிராக்டருக்கு அடியில படுத்து வேலை பண்ணிக்கிட்டிருந்தார், அப்படியே கிடந்து குலுங்குறார். இன்னும் வெளியே வரல.

கதையை மூணு தடவை சரி பார்த்தேன், கடைசிப் பக்கத்தைப் பார்க்கவே இல்ல. அது என்னைப் பத்தினதுதானே, எனக்குத் தெரியாததா என்ன இருக்கப்போகுதுன்னு விட்டுட்டேன். இப்ப திருத்தி மறுபடியும் ஏத்தியிருக்கேன். சரியான பிரதி வேதாகமப் பள்ளிக்கு முன்னால இங்கேயே வந்துடும். விலாசத்தை லாமெர்ட், நான், லைப்ரரிக்காரம்மா மூணு பேரும் பார்த்தாச்சு. பிங்கி பேரை மாத்தல. பிள்ளைங்க விட மாட்டேன்னுட்டாங்க. சுருட்டை வாலை நீட்டிட்டேன்.

அண்ணே, நிஜமாவே சிரிச்சீங்களா? சத்தம் வெளியே வர்ற மாதிரியா? உங்க கடிதத்தை எத்தனை தடவை படிச்சேன்னு கேக்காதீங்க. அந்த நர்ஸ் பேர் என்ன? அவளுக்கு ஒரு ஆப்பிள் பை சுட்டு அனுப்பணும்.

வேதாகமப் பள்ளிக்கு நீங்களே வந்து வாசிங்களேன். நான் வாசிச்சா பிங்கி ஒளியற இடத்துல எனக்கே அழுகை வந்துடுது. எழுதினவளே அழுதா பிள்ளைங்க பயந்துடும்.

ட்ரீனா


கிராண்ட் ராப்பிட்ஸ்
2017 ஜூலை 8

அன்புத் தங்கைக்கு,

கொளுத்த முடியாது. மிச்சமில்லை. லாரிக்காரப் பையன் வந்தபோது காலிப் பெட்டியைத்தான் காட்டினேன். வினிஃப்ரெட் அம்மாள் தூண்டிவிட்டு இந்தக் கட்டடத்தில் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முதல் பக்கத்தைத் திறப்பார் யாரும் இல்லை, எல்லாரும் கடைசிப் பக்கம்தான். பேரப்பிள்ளைகளுக்குத் தபாலில் அனுப்புகிறார்கள். ஒரு பழைய பன்றிப் பண்ணைக்காரர் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, ஸ்கங்க்குக்கு என்ன தீனி போட்டார் உங்கள் அப்பா என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

பிறகு, கதையையும் வாசித்துக் காட்டச் சொன்னார்கள். ஞாயிறு மாலை சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தேன். வாசிக்கத்தான் போனேன். ஆனால் ஸ்கங்க் பேசுகிற இடம் வந்ததும் என் குரலில் வாசித்தால் அது மூப்பர் கூட்டத் தீர்மானம் போல இருந்தது. ஆகவே மூக்கால் பேசினேன். கைதட்டினார்கள். அதன்பின் ஒட்டகச்சிவிங்கியை எப்படி விடுவது? மிருகங்கள் பேச வசன ஆதாரம் கேட்டவன் சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டகச்சிவிங்கியாகப் பேசினேன். இதை ஹார்லனிடம் சொல்லாதே.

முடிந்ததும் வினிஃப்ரெட் அம்மாள் கேட்டார், "போதகரே, உள்ளே ஏறினதுங்க சரி. வெளியே நின்னதுங்க?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில்கள் உண்டு. ஆயுள் முழுக்கப் பிரசங்கித்த பதில்கள். அந்த அம்மாள் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் என்று எனக்குத் தெரியும். புத்தகத்தை மூடி மடியில் வைத்தேன்.

"எனக்குத் தெரியாது, வினிஃப்ரெட்" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையாட்டி, "நல்லது. இத்தனை வருஷத்துல ஒரு போதகர் வாயில இந்த வார்த்தையை இப்பத்தான் கேக்குறேன்" என்றார். பிறகு, "ஒட்டகச்சிவிங்கியை இன்னொரு தடவை வாசிங்க" என்றார்.

அன்றிரவு படுக்குமுன் ஜெபம் செய்தேன். நீளமானதல்ல.

பஸ்ஸில் வருகிறேன். பதினாறாம் தேதி லாமெர்ட்டை நிலையத்துக்கு வரச் சொல். சூப்பில் உப்புப் போடு.

மரீனஸ்


நியூ ஆர்னெம்
2017 ஜூலை 31

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாப் போய்ச் சேர்ந்திருப்பீங்க. நீங்க போனதிலிருந்து வீடு வெறிச்சுன்னு இருக்கு. லாமெர்ட்டும் ஒட்டகச்சிவிங்கி மாதிரிப் பேசிப் பார்க்கிறார், அவருக்கு வரல.

புஸ்தகச் செய்தி முதல்ல. நம்ம லைப்ரரியில பிங்கியை வாங்கி அலமாரியில வெச்சுட்டாங்க. போய்ப் பார்த்தேன். எடுத்துப் பார்க்கலாம்னா அதை யாரோ வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்தாங்க. வெறும் இடைவெளியை நின்னு பார்த்துட்டு வந்தேன், அண்ணே. இவ்வளவு அழகான இடைவெளியை நான் பார்த்ததில்ல. கம்ப்யூட்டர்ல ஒருத்தர் 'வேதத்துக்குப் புறம்பானது, யானை சரியில்லை'ன்னு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருக்கார். நீங்களான்னு லாமெர்ட் கேக்குறார். உங்க கிட்டதான் கம்ப்யூட்டரே இல்லையேன்னு சொல்லியிருக்கேன். வினிஃப்ரெட் அம்மா கிட்ட இருக்கா?

ஹார்லன் விஷயத்துக்குத்தான் நான் நடுங்கிக்கிட்டிருந்தேன். உங்க கட்டடத்துல இருந்து யாரோ பேரப்பிள்ளைக்கு அனுப்பினது சுத்திச் சுத்தி அவர் கைக்கே வந்துடுச்சு. நேத்து ஆராதனை முடிஞ்சதும் என்னைப் பார்த்து நடந்து வந்தார். நான் பாட்டுப் புஸ்தகத்தை மார்போட அணைச்சுக்கிட்டேன்.

"ட்ரீனா, இந்தத் தப்பான பிரதி இன்னும் கிடைக்குமா? எங்க அண்ணன் தம்பிங்களுக்குக் கொடுக்கணும்"னார். அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் பண்ணை ஆபீஸ்ல மாட்டியிருக்காராம். 'தரமான ஸ்கங்க் இறைச்சி'. வியாபாரத்துக்கு வர்றவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் படிக்கிறாங்களாம்.

இப்ப ஒரு விஷயம். நீங்க இங்க இருந்தப்பவே சொல்லியிருக்கணும், வாய் வரல. கடைசி நாள் நீங்க வாசிச்சு முடிச்சதும் ப்ரின்லி எழுந்து கேட்டாளே, "தாத்தா, பிங்கி உங்க வீட்டுக்கு வந்தா எங்க படுக்க வெப்பீங்க?"ன்னு.

நீங்க ஏதோ வேடிக்கையாச் சொல்லி அனுப்பிடுவீங்கன்னுதான் நினைச்சேன். நீங்க யோசிச்சீங்க. "என் கட்டில்ல ஒரு பக்கம் காலியாத்தாம்மா இருக்கு. ஆனா அது ஜெரால்டின் பாட்டியோட பக்கம். பாட்டிக்கு நாத்தம் ஆகாது"ன்னீங்க.

நாத்தம்னதும் பிள்ளைங்க கூரை பிய்யற மாதிரிச் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க. நான்தான் ஜூஸ் எடுத்துட்டு வர்றேன்னு சமையல்கட்டுக்குப் போயிட்டேன். ஜூஸ் ஏற்கெனவே மேஜையில இருந்துச்சு.

அந்தச் சத்தத்துல ப்ரின்லி பதில் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது. அவ சிரிக்கவே இல்ல. என் பின்னாலயே சமையல்கட்டுக்கு வந்துட்டா. "அந்தத் தாத்தா கிட்டச் சொல்லிடுங்க"ன்னா.

"என்னம்மா சொல்லணும்?"

"பிங்கியைப் படுக்க வெச்சுட்டு ஜன்னலைத் திறந்து வெச்சுக்கச் சொல்லுங்க. பாட்டிக்கும் பரவாயில்லாம இருக்கும்."

சொல்லிட்டேன்.

ட்ரீனா


கிராண்ட் ராப்பிட்ஸ்
2017 ஆகஸ்ட் 5

அன்புள்ள ட்ரீனாவுக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது.

ஜன்னல் திறக்கவில்லை. நான் குடிவருவதற்கு முன்பே பெயின்ட் அடித்தபோது ஒட்டிக்கொண்டதாம். அதைத் திறந்து பார்க்க எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டேன். அவர் உளியும் சுத்தியலுமாக வந்து, "இத்தனை நாளா எப்படி சார் இருந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே நெம்பித் திறந்தார். ஒரு துண்டு பெயின்ட் என் சூப்பில் விழுந்தது.

வெளியே புல் வெட்டுகிறார்கள். கண் எரிகிறது, தும்மல் நிற்கவில்லை, இந்த வரியை எழுதுவதற்குள் மூன்றுமுறை பேனா நழுவிவிட்டது. ஆனாலும் மூடவில்லை.

அந்தப் பிள்ளையிடம் சொல்.

உன் அண்ணன்,
மரீனஸ்